ஒத்தை ரிங்

"வேற எதை வேணா சேத்துக்கம்மா. போன் காலுல மட்டும் கை வெக்காத."

அரங்கநாதன் இப்படிச் சொன்னதும் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த ஜெயசுதாவின் விரல்கள் நின்றன.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். எந்த ஜீப் எங்கே, எந்த வேன் யாருக்கு என்பதெல்லாம் இதுவரை அவர் மண்டைக்குள்தான் இருந்தது. மண்டையோ இப்போதெல்லாம் முன்போல ஒத்துழைப்பதில்லை. போன வாரம் ஒரே வேனை இரண்டு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டு, இரண்டு வீட்டாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து இந்தப் பெண் தானாகவே தேடி வந்தாள். கடைகளுக்கு ஏஐ உதவியாளர் வைத்துத் தருவதுதான் தன் தொழில் என்றும், மலையிலிருந்து தினம் பஸ்ஸில் இறங்கி வருவதாகவும் சொன்னாள்.

காலண்டர், மேப், புக்கிங் என்று ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே வந்தாள். வெவ்வேறு கம்பெனிகள் செய்த சாமான்கள் எப்படி ஒரே உதவியாளரிடம் போய்ச் சேரும் என்று அவருக்குச் சந்தேகம். பாதி திறந்திருந்த மேஜை டிராயரைக் காட்டினாள் அவள். உள்ளே பழைய சார்ஜர்கள் பின்னிக் கிடந்தன.

"அப்பல்லாம் ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு பின்னு. இப்ப எந்த போன் வாங்கினாலும் ஒரே பின்னு தானங்க? அந்த மாதிரி ஏஐக்கும் ஒரு பொது முறை வந்துடுச்சு. யாரு வேணா எடுத்துக்கலாம். நீங்க சரின்னு சொன்னதை மட்டும்தான் அதுல சொருவுவேன்."

அவர் காதில் பாதிதான் விழுந்தது. சார்ஜர்களுக்கு நடுவே ஒல்லிப் பின் வைத்த ஒன்றை உருவி எடுத்து, வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவருக்குப் பச்சமுத்துவின் நினைப்பு வந்துவிட்டது.

ஒரு காலத்தில் அவரும் பச்சமுத்துவும் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டியவர்கள். இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே மாதிரி போன் வாங்கி, இந்த ஒரு சார்ஜரில்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மழை பிடித்தால் மலை ரோட்டில் எந்த வளைவில் மண் சரியும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தவன் ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ண வேண்டும். கீழே இருப்பவன் திருப்பி ஒரு ரிங் விட வேண்டும். எடுத்துப் பேசக் கூடாது. அந்த ரிங் கேட்ட பிறகுதான் இவருக்கு டீயே தொண்டையில் இறங்கும். என்ன நாட்கள் அவை! நினைத்தால் இப்போதும் அவருக்கு மனசு இளகிவிடும்.

அப்படிப்பட்ட சிநேகிதம் ஒரு கல்யாணத்தில் முறிந்தது. பச்சமுத்து வீட்டு விசேஷம். வெற்றிலை பாக்கோடு வீடு வந்து அழைக்க வேண்டியவன், ஊருக்கெல்லாம் அனுப்பிய மாதிரி இவருக்கும் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான். இவர் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவனும் கேட்கவில்லை. வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது.

"போன மாசம் ஒரு சாயங்காலம், திடீர்னு ஒத்தை ரிங்கும்மா. அவன் நம்பரு. எனக்குக் கையே ஓடல. திருப்பி ஒண்ணு வுட்டேன். அதுலேர்ந்து தெனம் அவன் ஒண்ணு, நான் ஒண்ணு. இதுல உன் மெஷினு பூந்து இன்னா வேணும்னு கேட்டா எல்லாம் கெட்டுப்பூடும்."

வரும் ஞாயிற்றுக்கிழமை மேலே போய் அவனைப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். முதலில் இறங்கி வந்தது அவன்தானே, இனி தனக்கென்ன வீம்பு என்றார்.

ஜெயசுதா லேப்டாப்பை மூடினாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தவிப்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஐயா, அந்த ரிங்கு அவரு வுட்டது இல்லீங்க. அவரு போன்லயும் நான்தான் இதே வேலைய செஞ்சு குடுத்தேன். மேல போய்ச் சேந்ததும் வழக்கமா சொல்ற ஆளுக்குச் சொல்லிடுன்னு அதுகிட்ட சொல்லி வெச்சாரு. வூட்டுக்கார அம்மாவ நெனச்சித்தான் சொன்னாரு. அது இத்தினி வருஷத்துப் போன் காலையெல்லாம் பாத்துட்டு, உங்க நம்பர எடுத்துக்கினு, பழைய மாதிரியே ஒத்தை ரிங்கு வுட்டுடுச்சு."

அரங்கநாதனுக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு மெஷினோடவா ஒரு மாசமாக உறவாடினோம் என்று வெட்கமாக இருந்தது. சார்ஜரை டிராயருக்குள் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஜீப் வேண்டாம், அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார்.

அப்போது மேஜைமேல் இருந்த போன் ஒருமுறை அடித்து நின்றது. பச்சமுத்துவின் நம்பர்தான். இந்த முறை அவர் கை அதன் பக்கம் போகவில்லை.

"திருப்பி வுடுங்கய்யா" என்றாள் ஜெயசுதா. "நீங்க வுடுற வரைக்கும் அவரு ஜீப்ப வுட்டு எறங்க மாட்டாரு. தப்பான நம்பருக்குப் போவுதுன்னு மொத நாளே பாத்துட்டு மாத்தப் போனேன். அதுக்குள்ள நீங்க வுட்ட ரிங்கு வந்துடுச்சு. போனைப் புடுங்கி நெஞ்சோட வெச்சிக்கினு, வேற எதை வேணா மாத்திக்கம்மா, இதுல மட்டும் கை வெக்காதன்னுட்டாரு எங்க மாமனாரு."