எச்சரிக்கை: 3

"மூணாவது ரூமை உடனே காலி பண்ணுங்க!" மைக்கில் கத்திவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். 'அறை 3, வாயுக் கசிவு' என்று சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது.

குளிர்பதனக் கிடங்கில் ஓடும் அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆளைத் தூங்க வைத்தே தீர்த்துவிடும். அதற்கான எச்சரிக்கை ப்ரோக்ராமைத்தான் ஒரு புது மொழியில் திரும்ப எழுதி, இன்று காலையில் ஓடவிட்டிருந்தாள்.

மூன்றாவது அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் அவள் தம்பியும் ஒருவன்.

போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, எல்லாரும் நடுக்கதவு வழியா நாலாவது ரூமுக்கு வந்துட்டோம். கதவை இறுக்கிச் சாத்தியாச்சு. சூப்பர்வைசர் சொல்ற வரைக்கும் இங்கேயேதான்."

"உனக்கு ஒண்ணும் இல்லையேடா?"

"தலைதான் கிர்ருன்னு இருக்கு. ஓடி வந்தோம்ல, அதான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முகமூடி மாட்டிக்கொண்டு மூன்றாவது அறைக்குள் போன சூப்பர்வைசர் வயர்லெஸில் சிரித்தார். "ஏம்மா, இங்க மீட்டர் முள்ளு அசையவே இல்ல. உன் ப்ரோக்ராம் சும்மா ஊரைக் கூட்டியிருக்கு! எதுக்கும் ஒரு சுத்து பாத்துட்டு அவங்களை வெளிய விடறேன்."

அவளுக்கு முகம் சிறுத்துப்போனது. எங்கே கோளாறு என்று பார்க்க, அதே மொழியில் நாலைந்து வரி எழுதி ஓட்டினாள். 'பிழை: வரி 3' என்றது திரை. மூன்றாவது வரியை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த எதிர் சீட் தோழி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அந்த மொழியில் அவள் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"தப்பே இல்லாத இடத்தைக் காட்டுதுடி," என்று இவள் திரையைக் காட்டினாள். "இதுக்கு மூளை கீளை கலங்கிடுச்சா?"

"அது சரியாத்தான் சொல்லுது. நாலாவது வரியில அடைப்புக்குறியை மூடாம விட்டிருக்க பாரு." தோழி கொட்டாவி விட்டாள். "வரியோ வேற எதுவோ, இந்த மொழி எல்லாத்தையும் பூஜ்யத்துலேருந்துதான் எண்ணும். மூணுன்னு சொன்னா நாலுன்னு எடுத்துக்கணும்."