புதுசே போடுங்க

“புதுசே போடுங்க. பழசைத் தட்டிக்கொட்டி மாட்டுற வேலையே...”

“நீ கொஞ்சம் வாயை மூடறியா? மெக்கானிக், இவ சொல்றதைக் காதுல வாங்காதீங்க. நான்தான்...”

“நான் ஏன் மூடணும்? கொண்டை ஊசி வளைவுல சக்கரம் கழண்டா நீங்களா போய்ப் பிடிப்பீங்க?”

இருவர் குரலும் பட்டறையின் தகரக் கூரையில் முட்டித் திரும்பின. ஜாக்கியில் தூக்கி நிறுத்திய காரின் அடியிலிருந்து மெக்கானிக் வெளியே வந்தார். கணவனைப் பார்த்துப் பேசுவதா, மனைவியைப் பார்த்துப் பேசுவதா என்று தெரியாமல் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தே பேசினார்.

“சண்டையை ஒரு நிமிஷம் நிறுத்தினா விஷயத்தைச் சொல்லிடுறேன். சக்கரத்தைத் தாங்குற ஆர்ம் ரெண்டும் வளையலை, நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல இருக்கிற ரப்பர் புஷ் நார்நாராப் போச்சு. ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசியுது. பள்ளத்துல விழுந்தா ‘டக்கு டக்கு’ன்னு கேக்குதே, அது இதனாலதான்.”

“அப்போ புஷ்ஷை மட்டும் மாத்தினா போதாதா?” என்றான் கணவன்.

“மாத்தலாம் சார். ஆர்மைக் கழட்டி லேத்துக்கு அனுப்பி, பழைய புஷ்ஷை அமுக்கி எடுத்துட்டுப் புதுசை ஏத்தணும். ஷாக் அப்சார்பரைப் பிரிச்சு ஆயிலும் சீலும் மாத்தணும். லேத்துக்காரர் சாவகாசமான ஆளு, மூணு நாள் ஆக்கிடுவார். புதுசுன்னா முழு செட்டும் என் ரேக்குலயே இருக்கு. மதியத்துக்குள்ள மாட்டிடுவேன்.”

“மூணு நாளா?” என்றாள் மனைவி. அவள் குரல் ஒரு கணம் இறங்கி, உடனே பழைய உயரத்துக்கு ஏறிக்கொண்டது. “கேட்டீங்கல்ல? மதியத்துக்குள்ள முடிச்சிடுவாராம். புதுசே போடட்டும். ராத்திரிக்குள்ள உங்கக்கா வீட்டு வாசல்ல நிக்கணும்.”

“எப்போ நிக்கணும்னு எனக்குத் தெரியும்.”

காரைத் தூக்குவதற்காக டிக்கியைக் காலி செய்து, சாமான்களைச் சுவரோரமாக இறக்கி வைத்திருந்தார் மெக்கானிக். கவுன்கள் பிதுங்கும் பெட்டிகள் இரண்டு, பொம்மை மூட்டை ஒன்று, மூன்று சக்கர சைக்கிள் ஒன்று. பெரியவர்களுக்கென்று ஒரே ஒரு தோள்பை. நாலு வயது மகள் அந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாப்பா, வீட்டையே பேர்த்துக் கொண்டுவந்துட்டியா?” என்று மெக்கானிக் சூட்டைத் தணிக்கப் பார்த்தார்.

“அத்தை வீட்டுக்குப் போறோமே!” என்றது குழந்தை. தாய் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மலைப்பாதைங்க. பின்னாடி குழந்தை உட்கார்ந்திருப்பா. அதுக்காகவாவது நான் சொல்றதை ஒரு தடவை கேளுங்களேன்.”

“உன் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த நிலைமையில இருக்கேன்.”

“என்னைக்குக் கேட்டீங்க? உங்கக்கா பேச்சைத்தானே கேப்பீங்க? மூணு நாள் தள்ளிப்போச்சுன்னு அவங்ககிட்டே சொல்லத் துணிச்சல் இருக்கா? போன்லயே உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க.”

மெக்கானிக்குக்கு ஐயோ என்றிருந்தது. கதவைத் திற என்று அவள் சொன்னால் தாழ்ப்பாளைப் போடுகிற ரகம் அந்த ஆள். வந்த கொஞ்ச நேரத்தில் அவருக்கே அது தெரிந்துவிட்டது. கூடக் குடித்தனம் பண்ணுகிறவளுக்குத் தெரியவேண்டாமா? நயமாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்நேரம் காரியம் முடிந்திருக்கும். இப்படிச் சீண்டினால் எவன் இறங்கி வருவான்?

அவர் நினைத்தது போலவே ஆயிற்று. கணவனின் காது மடல்கள் சிவந்தன.

“யாருக்குடி பயம்? மெக்கானிக், ஆர்மைக் கழட்டுங்க. லேத்துக்கே போகட்டும். ஒரு வாரம் ஆனாலும் எனக்குக் கவலையில்லை.”

“சார், எதுக்கும் ஒரு தடவை யோசிச்சு...”

“யோசிச்சாச்சு!”

செல்போனைக் காதில் ஒட்டிக்கொண்டு விடுவிடுவென்று தெருவுக்குப் போய்விட்டான். “அக்கா, வண்டி படுத்துடுச்சுக்கா...” என்று அவன் குழைவது பட்டறை கேட்டுக்கு வெளியிலிருந்து காதில் விழுந்தது.

மெக்கானிக்குக்கு மனசு ஆறவில்லை. ஒருவனின் வீம்புக்காக ஒரு தாய் மலைப்பாதை முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டுமா? ரேக்கிலிருந்து புது ஆர்ம் பெட்டியை இறக்கித் தூசு தட்டினார். டேப்பைக் கிழிக்க ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீ தைரியமா இரும்மா. லேத்து பூட்டிக் கிடக்குன்னு ஒரு பொய்யைச் சொல்லி நான் அவரைச் சமாளிச்சுக்கிறேன். புதுசே போட்டுடலாம். நீ ஆசைப்பட்ட மாதிரி இன்னைக்கே கிளம்பிடலாம்.”

அவள் பாய்ந்து வந்து பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றினாள். இத்தனை நேரம் கூரையைப் பிளந்த குரல் காற்றாகத்தான் வெளியே வந்தது.

“அண்ணே, பிரிச்சிடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். எங்கப்பாவும் அண்ணனும் நாளன்னைக்கு வந்துடுவாங்க. அதுவரைக்கும் இந்த வண்டி இந்த இடத்தை விட்டு நகரவே கூடாது.”

“என்னம்மா சொல்றே? புதுசு போடுன்னு நீதானே அந்தக் கத்து கத்தினே?”

“நான் ரிப்பேர்னு சொல்லியிருந்தா, அவர் புதுசு போடச் சொல்லியிருப்பார்.”

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். கேட்டுக்கு வெளியே பேச்சு நின்றுபோய், செருப்புச் சத்தம் பட்டறையை நோக்கித் திரும்பியது.

“அப்படி என்னம்மா இருக்கு, உங்க நாத்தனார் வீட்டுல?”

அவள் மகளைப் பார்த்தாள்.

“இவளை அவங்களுக்குத் தத்துக் கொடுக்கத்தான் கூட்டிட்டுப் போறார், அண்ணே.”