ஜாக்கிக்கு எட்டாத உயரம்

மலைச்சாலையின் மூன்றாவது வளைவில் ஜீப்பின் பின்சக்கரம் காற்றிறங்கி உட்கார்ந்துவிட்டது. டயரில் குத்தியிருந்தது துருப்பிடிக்காத புது ஆணி. எஸ்டேட் கொலை வழக்கில் ஜீப்பில் வந்த லூர்தம்மாள் ஒருத்திதான் சாட்சி. பதினோரு மணிக்குள் அவள் கோர்ட்டில் நின்றாக வேண்டும்.

சேற்றுப் பாதைக்காக உயரம் ஏற்றிய வண்டி அது. டிரைவர் மரியசெல்வம் ஜாக்கியை முழுசாக ஏற்றி, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிவிட்டார். ஆனால் காற்று நிறைந்த ஸ்டெப்னி உள்ளே நுழைய இன்னும் நான்கு விரல் உயரம் வேண்டியிருந்தது.

அப்போது தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். அவன் தோளில் ஒரு மரக்கட்டை. அன்று காலைதான் அறுத்ததுபோல் வெளுப்பாக இருந்தது.

“இதை அச்சுக்கு அடியில முட்டுக் குடுங்கண்ணே. பெறவு ஜாக்கிய எறக்கி, கல்லு மேல வச்சு ஏத்திரலாம். ஜாக்கிய நான் பாத்துக்கிடுதேன்.”

மரியசெல்வம் கட்டையை வாங்கிக்கொண்டு வண்டிக்கடியில் ஊர்ந்து போனார். அவன் ஜாக்கியின் கம்பியைப் பிடித்தபடி லூர்தம்மாளைப் பார்த்துச் சிரித்தான்.

“பதினோரு மணிக்குள்ள போயிரலாம்க்கா.”

பதினோரு மணி என்று அவளோ டிரைவரோ அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் வண்டிக்கடியில் குனிந்து கத்தினாள்.

“அண்ணே, வெளிய வாங்க!”

“ஒரு நிமிசம்மா, கட்டை சரியா ஒக்கார மாட்டேங்கு.”

லூர்தம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றினாள். அவன் சிரிப்பு மாறவில்லை. பிடியையும் விடவில்லை. கம்பி மெல்ல அவன் பக்கம், ஜாக்கி இறங்கும் திசையில், திரும்பத் தொடங்கியது.