தேர்வுக்கு ஏற்ற லேப்டாப்

தர்பூசணி வாங்குகிறவளைப் போல லேப்டாப்பின் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் வுலான். ஜகார்த்தாவின் அந்த வணிக வளாகத்தில் எல்லாரும் 'கோ', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் கடைக்காரர் ஆஃபுங், இருபது வருட வியாபாரத்தில் இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

"காதுல ஒண்ணும் தெரியாதும்மா, திரையைப் பாருங்க" என்றார்.

அவள் கணவன் பகாஸ் தலையில் அடித்துக்கொண்டான். "அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் கோ. நீங்க என்கிட்ட பேசுங்க."

பகாஸ் வார்டு அலுவலகக் குமாஸ்தா. பதவி உயர்வுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன். நவம்பரில் மூன்றாவது முறை, அதோடு வயது வரம்பும் முடிகிறது. தோற்றதற்குக் காரணம் அவனல்ல, பழைய லேப்டாப்தான். பாவம், அதற்கு வாயில்லை.

மேஜையில் இப்போது இரண்டு. ஒன்றில் கிராஃபிக்ஸ் வேலை முதன்மைச் சிப்புக்குள்ளேயே அடக்கம், எட்டு மில்லியன் ரூப்பியா. இன்னொன்றில் தனி கிராஃபிக்ஸ் கார்டு, பதினாறு மில்லியன்.

"மாதிரி வினாத்தாள் பாக்க தனி கார்டு எதுக்குங்க?" என்று கேட்டாள் வுலான்.

"எழுத்து தெளிவா தெரிய வேணாமா?"

எழுத்துத் தெளிவுக்கு எட்டு மில்லியன் கூடுதல். மூக்குக்கண்ணாடி இதைவிட மலிவு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

விற்பதற்கு முன் ஓட்டிக் காட்டுவது அங்கே வழக்கம். ஆஃபுங் வினாத்தாளைத் திறந்தார், இரண்டும் மூச்சு விடவில்லை. "சும்மா ஒரு சோதனைக்கு" என்று பகாஸ் ஒரு சண்டை விளையாட்டைப் போடச் சொன்னான். தனி கார்டு லேப்டாப்பின் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது.

வுலான் மறுபடி காதை வைத்தாள். "வினாத்தாள் படிச்சா இந்தச் சத்தம் வராதா கோ?"

"வராதும்மா. விளையாடினாத்தான் கார்டு சூடாகும், விசிறி கத்தும்."

"அப்ப இதையே குடுங்க."

பகாஸால் நம்ப முடியவில்லை. அதிர்ஷ்டம் அடிக்கும்போதே பிடித்துக்கொள்வோம் என்று இலவசமாக ஒரு ஹெட்ஃபோனும் கேட்டான். தொந்தரவில்லாமல் படிப்பதற்காம்.

"நல்லா காதை அடைக்கிற மாதிரி பாத்துக் குடுங்க" என்று அவளே சிபாரிசு செய்தாள்.

பெட்டியை அணைத்துக்கொண்டு பகாஸ் வண்டி எடுக்க ஓடினான். ஆஃபுங்குக்கு மனசு கேட்கவில்லை. "படிக்க அந்த எட்டு மில்லியனே போதுமேம்மா. சத்தமும் கிடையாது."

"பழசும் அப்படித்தான் கோ, ரெண்டு வருஷமா சத்தமே போடல." வுலான் ரசீதை மடித்துப் பையில் வைத்தாள்.

"ஹெட்ஃபோன் போட்டவருக்கு விசிறிச் சத்தம் கேக்காது, சமையல்கட்டுல இருக்கிற எனக்குக் கேக்கும்."