இறங்கும் வரை

“அண்ணங்கிட்ட இப்போதைக்கு மூச்சு விட்டுராதீங்க அண்ணி. பாறையெல்லாம் தாண்டிக் கீழ எறங்கட்டும்.”

அதோடு சிக்னல் போய்விட்டது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். காலடியில் பாறை. அதற்குக் கீழே, ரொம்பக் கீழே, கடல்.

மாமனார் இறந்துவிட்டார். காலையில் காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தானாம். கொழுந்தன் திரும்பத் திரும்ப அந்த டம்ளரைப் பற்றியே சொன்னான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த கணவன் திரும்பினான்.

“யாரு?”

“ஹோட்டல்லிருந்துங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றமான்னு கேட்டாங்க.”

பொய் தானாக வந்தது. குரல்கூடப் பிசகவில்லை.

கோகர்ணத்தின் இந்தப் பாதைக்காக அவன் ஒரு வருடமாக நச்சரித்திருந்தான். ஒரு கடற்கரையிலிருந்து அடுத்த கடற்கரைக்கு, குன்றின் விளிம்போடு ஒட்டிப் போகிற பாதை. பாதி தூரம் வந்தாயிற்று. திரும்பினாலும் பாறை, போனாலும் பாறை. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் படகும் விடவில்லை. அந்தப் பக்கம் இறங்கினால்தான் ரோடு, கார், எல்லாம்.

அவன் வீட்டுக்கு மூத்தவன். கொள்ளி அவன்தான் வைக்க வேண்டும். ஈரோட்டில் இந்நேரம் ஐஸ் பெட்டி வந்திருக்கும்.

அவனுடைய போன் அவள் பையில்தான் இருந்தது. ஏறும்போது விழுந்துவிடும் என்று அவனே கொடுத்தது. அதை அணைத்து, துண்டுக்கு அடியில் திணித்தாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்த மனிதர். மருமகளுக்கு மூடி திறக்க வராது என்று பாதி இறுக்கத்தில் மூடுகிறவர். குழம்பு கசிந்து அவளுடைய ஆபீஸ் பைகள் எல்லாவற்றிலும் மஞ்சள் கறை. அதை நினைத்துப் பார்த்தாள். அப்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

கால் மட்டும் நடந்தது.

ஓரிடத்தில் பாதை ஒரு முழ அகலம்தான். மேலே பாறை, கீழே ஒன்றுமில்லை. காலையில் பெய்த தூறலில் கல்லெல்லாம் வழுக்கியது. அவன் சீட்டியடித்துக்கொண்டே அதைக் கடந்தான். இந்த ஆள் வாயை மூடிக்கொண்டு நடந்தால் என்ன என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபமாவது வந்ததே என்று இருந்தது.

குன்றின் மூக்கில் போய் நின்று கையை விரித்தான்.

“ஒரு போட்டோ எடு. அப்பாவுக்கு அனுப்பலாம்.”

எடுத்தாள். நன்றாக வந்திருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தான்.

“அனுப்பிட்டயா?”

“சிக்னல் இல்லைங்க.”

அது உண்மைதான்.

பாறை இறங்கி ஏறும் ஒரு பள்ளத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு பெண்மணி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே மீன், மீன் என்று பறந்துகொண்டிருந்தவன் அவன். ஆளுக்கொரு தட்டு சொன்னான். வஞ்சிரம், சுடச்சுட வந்தது.

அவன் பிட்டு வாயருகே கொண்டுபோனான்.

அவள் கை அதுவாகப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

“வேண்டாங்க.”

“ஏன்?”

இந்தப் பொய் வரக் கொஞ்சம் தாமதமானது.

“வயித்துக்கு ஒத்துக்காது.”

மீனைத் தட்டில் போட்டான். அவள் தட்டைப் பார்த்தான். அதையும் அவள் தொட்டிருக்கவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். காசைக் கொடுத்துவிட்டு எழுந்தான்.

அதன்பின் சீட்டி இல்லை. வெயிலில் அலுத்துவிட்டான் என்று நினைத்தாள். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தாள்.

கடைசி இறக்கம் மோசமாக இருந்தது. அவன் முன்னால் இறங்கினான். ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு அவளுக்குக் கை கொடுத்தான். மற்ற நாளாக இருந்தால் சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று பிடுங்கியெடுத்திருப்பான்.

அவள் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டே இறங்கினாள். எல்லோரும் செய்வதுதான். முதலில், மாமாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை என்பது. காரில் ஏறியதும், ஐ.சி.யு.வில் வைத்திருக்கிறார்கள் என்பது. ஊருக்குள் நுழைந்து தெருமுனையில் பந்தல் தெரியும்போது ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

அவளுடைய அம்மா இறந்தபோது அவளை அப்படித்தான் கூட்டிப் போனார்கள்.

கூட்டிப் போனவன் அவன்தான்.

மணல் வந்தது. காலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

“ஏங்க,” என்றாள். “மாமாவுக்கு…”

அவன் அவளைச் சொல்லி முடிக்க விடவில்லை. வாட்சைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். ஷூவைக் கழற்றினான். போட்ட துணியோடு கடலுக்குள் நடந்தான். முழங்காலளவு தண்ணீரில் உட்கார்ந்து மூன்று தரம் முங்கி எழுந்தான்.

எழுந்தவன் கொஞ்ச நேரம் கரைக்கு முதுகைக் காட்டியபடியே நின்றான். அலை வந்து வந்து இடுப்பில் மோதிப் போயிற்று.

திரும்பி வந்தான். அவள் நீட்டிய துண்டை வாங்கிக்கொள்ளவில்லை.

“எப்ப எடுக்கறாங்களாம்?” என்று கேட்டான்.