குமிழ் விழாத ஒன்று

இந்தத் தடவையும் குமிழ் விழுந்தால், இன்னொரு தடவைக்கு அச்சு தாங்காது.

ஆதிகேசவனுக்கு அது தெரியும். மனைவி செங்கம்மாவுக்கு மகன் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்குக் குமிழ் விழாத ஒரு துண்டு வேண்டும். ஒன்றே ஒன்று.

ஸ்டவ் மேல் கிண்ணத்தில், பால் மாதிரி இருந்த பிளாஸ்டிக் முதலில் கூழானது. பிறகு இளகித் தெளிய ஆரம்பித்தது.

"கருகாம எடுய்யா. நேத்து வெச்ச நாத்தம் இன்னும் சோத்துல கீது. துன்ன முடியல," என்றாள் செங்கம்மா, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு.

"இரு மே. பாத்துக்கினுதான் கீறேன்."

நகரியில் பவர்லூம் ஓட்டியே காய்த்துப்போன கை அது. நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடும். தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் புழு வார்க்க அதற்குத் தெரியவில்லை.

முதல் நாள் அச்சில் ஈரம் இருந்தது. சூடு பட்டதும் உள்ளே நுரைத்து, வந்த துண்டு முழுக்க ஓட்டை. அடுத்த நாள் அச்சை வெயிலில் காயவைத்து, ஒட்டாமல் இருக்கட்டும் என்று எண்ணெயை அப்பிவிட்டார். துண்டு வழவழவென்று வந்தது, ஒரு கோடுகூட இல்லாமல். ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் அச்சின் பிளாஸ்டர் மாவாக உதிர்ந்தது.

அச்சு, மகன் யஸ்வந்த் செய்தது. அவனுடைய முதல் அச்சு.

ஸ்ரீசிட்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பிச்சாட்டூர் அணையில் விரால். கடையில் வாங்கிய ரப்பர் புழுவை அச்செடுக்க ஈரப் பிளாஸ்டரில் பதிக்கப் போனான். புழு மிதந்து மிதந்து மேலே வந்தது. அடியில் பசை போட்டு ஒட்ட வேண்டும் என்று தெரியாமல், வாலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வால் எப்போதோ நழுவிவிட்டது. விரலைச் சுற்றிப் பிளாஸ்டர் இறுகிவிட்டது.

"நைனா, இத்த பாத்தா மீனே சிரிக்கும்," என்று பரணில் தூக்கிப் போட்டான்.

சத்தியவேடு ரோட்டில் அவன் பைக் விழுந்து, காரியம் எல்லாம் முடிந்த பிறகு, வேறு எதையோ தேடும்போது அது கையில் அகப்பட்டது.

பக்கத்து வீட்டு வெங்கடரமணன் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, புழு வந்துச்சா? விரால் மாட்டினா நமக்கும் ஒரு துண்டு."

துக்க வீட்டில் வேறு என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

"வரும், வரும்," என்றார் ஆதிகேசவன்.

புழு இருந்த பள்ளத்தில் அவர் ஊற்றவில்லை. வால் பக்கத்தில், அந்த விரல் பதிந்த குழியில் மட்டும் மெல்லிசாக விட்டார். வாயால் ஊதினார். முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

அச்சு இரண்டாகப் பிளந்தது.

துண்டு வந்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு குமிழ் இல்லை. கோடு கோடாக, நடுவில் சின்னச் சுழியோடு, யஸ்வந்தின் கட்டைவிரல்.

செங்கம்மா மடியில் வைத்திருந்த அவனுடைய போனை முந்தானையால் துடைத்து நீட்டினாள். திருப்பதியில் கடைக்காரன் "ஓப்பன் சேஸ்தே அந்தா போத்துந்தி சார்," என்று கையை விரித்திருந்தான். அவன் திறந்தால் உள்ளே இருக்கிற மகன் குரல், படம் எல்லாம் போய்விடும். விரல் வைத்துத் திறந்தால் போகாது.

ஆதிகேசவன் அந்தத் துண்டைத் தன் விரலில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

போன் ஒரு தடவை அதிர்ந்தது. திரையில் எழுத்து வந்தது.

"இன்னாய்யா சொல்லுது?"

"நம்பர் வேணுமாம்."

சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்த போனை நேற்று அவர்தான் சார்ஜில் போட்டார். அணைந்து எழுந்த போன் முதலில் பூட்டைத் திறக்கிற நம்பரைத்தான் கேட்கும். விரல் அப்புறம்தான். அந்த நம்பர் யஸ்வந்துக்கு மட்டும்தான் தெரியும்.

செங்கம்மா போனைப் பார்க்கவில்லை. அவர் விரலிலிருந்து அந்தத் துண்டைக் கழற்றி எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"சூடா கீதுய்யா," என்றாள்.

ஸ்டவ் எரிந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கையைத் திறந்தாள்.

"ஆறிப்போச்சு. லேசா சுட வெச்சிக் குடேன்."

நெருப்பில் காட்டினால் உருகிவிடும். அவர் அதை வாங்கி, தன்னுடைய இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டார்.