ஃபிரிட்ஜின் முதுகு

சமையலறை மூலையில் நின்ற பழைய ஃபிரிட்ஜுக்கு முதுகு கொதித்தது. உள்ளேயிருக்கும் சூட்டை ஓயாமல் சுமந்துபோய்ப் பின்பக்கம் கொட்டுவதுதான் அதன் பிழைப்பு. அந்தக் கதகதப்புக்காகவே அங்கே ஒரு பல்லி குடியிருந்தது.

"கொஞ்ச நேரம் ஓய்வா இருங்களேன் அண்ணே" என்றது பல்லி.

"ஓய்ஞ்சா, கொட்டினதெல்லாம் திரும்ப உள்ளே வந்துடும்" என்றது ஃபிரிட்ஜ்.

"யாரு கொண்டுவரப் போறாங்க?"

"யாரும் வேண்டாம். உள்ளே வர அதுக்கே வழி தெரியும். வெளியே போகத்தான் ஆள் தூக்கணும்."

மத்தியானம் கரண்ட் போனது. பாவம், ஃபிரிட்ஜ் அசந்து தூங்கிவிட்டது. அடுப்படிச் சூடு கதவிடுக்கு வழியாக மெல்ல உள்ளே நுழைந்தது. வெண்ணெய் இளகி, கிண்ணத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜ் பதறி எழுந்தது. வந்த சூடு முழுவதையும் மூச்சிரைக்க மறுபடி முதுகில் ஏற்றியது. சாயங்காலத்துக்குள் வெண்ணெய் இறுகிவிட்டது.

"பார்த்தியா, நான் பொறுமையா இருந்தேன், குளிர் தானா வந்துடுச்சு" என்று வெண்ணெய் பக்கத்துத் தயிரிடம் சொன்னது. "இந்தக் கிழம் எதுக்குத்தான் இப்படி முனகுதோ."

பல்லிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அந்த வெண்ணெயை நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்க" என்றது.

"வேண்டாம்ப்பா" என்றது ஃபிரிட்ஜ். "கோபப்பட்டா, அந்தச் சூட்டையும் நான்தான் தூக்கணும்."